சாணி எடுக்கப்போன இரத்தினசிங்கம்

இரத்தினசிங்கத்தைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் நல்லவர் இல்லை என்பதால் அல்ல. அந்த வாய்கள் எழுபத்தாறாம் ஆண்டு என்ன பேசின என்று எனக்குத் தெரியும். அவற்றில் ஒரு வாய் என் கணவருடையது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மெல்பேர்னில் எங்கள் தமிழ் ஆட்கள் நாற்பது குடும்பம் இருந்தாலே அதிகம். கோயில் கிடையாது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூட்டுப்பிரார்த்தனை, பிறகு வடையும் தேத்தண்ணீரும் ஊர்வம்பும். என் கணவர் கதிர்காமநாதன் எஞ்சினியர். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தலைவர் என்றால் நல்ல கதிரையைப் பார்த்து முதலில் உட்காருகிறவர், வேறொன்றும் இல்லை. நான் இராஜேஸ்வரி, ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவுகள் வைக்கும் பகுதியில் வேலை செய்தேன்.

இரத்தினசிங்கம் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர். டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை. ஸ்பிரிங்வேலில் ஒரு இத்தாலியக் கிழவர் வீட்டின் பின்னறையில் தனியே இருந்தார். மனைவி சந்திரவதனாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். எழுபத்துநாலில் வந்தபோது சின்னவளுக்கு இரண்டு வயது. அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். யார் வீடு மாறினாலும் பெட்டி தூக்க அவர்தான் வரவேண்டும். எங்கள் உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் படிவழியாக மேலே ஏற்றியதும் அவர்தான். என் கணவர் கீழே நின்று "கவனம், கவனம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விபூதி விஷயமும் அவர் தலையில்தான் விழுந்தது. ஊரில் இருந்து கொண்டுவருகிற விபூதி ஆறு மாதத்தில் முடிந்துவிடும். பிறகு வெள்ளிக்கிழமைகளில் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருப்போம். மனிதர் பார்த்தார், தானே சுட்டுத் தருகிறேன் என்று கிளம்பினார். பேர்விக் தாண்டி கெவின் டூலி என்று ஒரு பண்ணைக்காரர். நூற்றைம்பது இறைச்சி மாடுகள். சாணி கேட்டபோது டூலி வயிறு குலுங்கச் சிரித்தாராம். "கொண்டுபோ, இந்தச் சாமானுக்கு மட்டும் என்னிடம் பஞ்சமில்லை" என்றாராம். டூலி மாடுகளைப் பட்டியில் அடைக்கிற சனிக்கிழமைகளில் இரத்தினசிங்கம் குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு போவார். நோய்ப்பட்ட மாட்டின் சாணி ஆகாது, கன்று போட்டு நாளாகாத மாட்டினது ஆகாது என்று ஒவ்வொன்றையும் சுற்றிச்சுற்றிப் பார்த்து எடுப்பார். உருண்டை பிடித்துக் காயவைத்து, சிவராத்திரி அன்று சுட்டு, துணியில் அரித்து, நாற்பது வீட்டுக்கும் போத்தலில் கொண்டுவந்து கொடுப்பார். நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப் பூசினோம். நல்ல வெள்ளை விபூதி. பொய் சொல்லக்கூடாது.

எழுபத்தைந்து மார்கழிக் கடைசியில் அவருடைய தாய் இறந்துபோனார். ஊருக்குப் போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்துவிட்டு, தை மாத முடிவில் திரும்பினார். மாசியில் சிவராத்திரி. இரண்டாம் சனிக்கிழமை டூலியிடம் போனபோது ஒரு மாட்டின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. இன்னொன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. நாக்கில் புண். இரத்தினசிங்கம் சாணியைத் தொடவே இல்லை. நேரே டூலியிடம் போய், எங்கள் ஊரில் கால்வாய் நோய், கோமாரி என்கிறார்களே அது, வந்தால் மாடு இப்படித்தான் நிற்கும், மிருகவைத்தியரைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தார். இதை நன்றாக ஞாபகம் வைத்திருங்கள். முதலில் கண்டதும் அவர், சொன்னதும் அவர்.

இந்த நாட்டில் நூறு வருஷமாக இல்லாத நோய் அது. வந்துவிட்டால் ஒரு துண்டு இறைச்சி கப்பலேறாது; சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் சுட்டு எரிக்கப்படும். ஏற்கெனவே மாட்டிறைச்சி விலை விழுந்து, சில பண்ணைக்காரர் தங்கள் மாடுகளைத் தாங்களே சுட்டுக் குழியில் தள்ளிக்கொண்டிருந்த காலம். திங்கட்கிழமைக்கிடையில் டூலியின் வாசலில் பொலிஸ் நின்றது. பாதையில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய மரத்தூளைப் பரப்பி, போகிற வருகிற கார்களை அதன் மேல் ஓட்டச் சொன்னார்கள். மாட்டின் வாய்ப்புண்ணில் சுரண்டியெடுத்ததைச் சோதனைக்கு விமானத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கே அதைச் சோதிக்க வழியில்லை. பதில் வர எப்படியும் பத்து நாள்.

பதிலுக்குக் காத்திருந்த அந்த நாட்களில் இந்த நகரம் நடந்துகொண்ட விதத்தை இன்றைக்குச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். மனிதருக்கு வராத நோய் என்று ரேடியோவில் மணிக்கொருதரம் சொல்கிறார்கள், கேட்டால்தானே. இறைச்சிக்கடைக்காரன் "எங்கள் இறைச்சி அந்தப் பக்கத்தது அல்ல" என்று எழுதி ஒட்டினான். கடைகளில் கோழிக்கு அடிபிடி. பாதி தின்ற இறைச்சியைத் தெரு நாய்களுக்கு எறிந்துவிட்டு, நாய்க்கு நோய் வருமா என்று ரேடியோக்காரனுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டது ஒன்று. டூலியின் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று தாய்மார் மறியல். பக்கத்துப் பண்ணைக்காரன் ஒருவன் டூலியின் மனைவியின் முகத்துக்கு நேரே காறித் துப்பினான். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள்.

செவ்வாய்க்கிழமையே ஒரு மாலைப் பத்திரிகை இரத்தினசிங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டது. தொழிற்சாலை வாசலில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிற படம். மேலே கொட்டை எழுத்தில் "சாணி மனிதன்". ஆசியாவிலிருந்து திரும்பி இரண்டே கிழமையில் அந்தப் பட்டிக்குள் நின்றாராம், சாணியை எரித்து முகத்தில் பூசுகிற கூட்டமாம். டூலியிடம் பேட்டி எடுத்தவனிடம் டூலி, "அவன்தான் எனக்கு முதலில் சொன்னவன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வரியை மட்டும் போடவில்லை. போட்டால் பேப்பர் விற்காதே!

மறுநாள் ஆஸ்பத்திரித் தேநீர் அறையில் என் எதிரே இருந்த இரண்டு பெண்கள் தங்கள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். அதில் ஒருத்தி கொஞ்சம் இரக்கமுள்ளவள் போலத் திரும்பி, "நீங்களும் அதைப் பூசுவீர்களா?" என்று கேட்டாள். என் நெற்றியில் காலையில் பூசியது மெல்லிய கீற்றாக இருந்திருக்கும். "இல்லை, இல்லை. எங்களுடையது சந்தனத் தூள்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பிறகு கழிவறைக்குப் போய் ஈரக்கடதாசியால் நெற்றியைத் தோல் சிவக்கத் தேய்த்தேன். வீட்டுக்கு வந்து, சொன்ன பொய்யைப் பெரிய கெட்டித்தனம் போலக் கணவரிடமும் சொன்னேன்.

அடுத்த நாள் எங்கள் வீட்டில் அவசரக் கூட்டம். இரத்தினசிங்கத்துக்கு அறிவிக்கவில்லை. முப்பது பேர் வந்திருந்தார்கள். வழமையான பிரார்த்தனைக்குப் பதினைந்து பேரைக் கூட்ட என்ன பாடு! ஒருவர் நெற்றியிலும் ஒரு பொட்டு விபூதி இல்லை. முப்பது மொட்டை நெற்றிகள்.

சத்தியபாமா என்றொருத்தி, கணக்காளரின் மனைவி, வந்து உட்கார முன்னமே தொடங்கினாள். "நான் அந்தப் போத்தலை அப்படியே கக்கூசுக்குள்ள கொட்டிப்போட்டு ரெண்டு தரம் தண்ணி இழுத்துவிட்டனான். ஆர் கண்டது, என்ன சீக்கு மாட்டின்ரயோ! நினைக்க அரியண்டமாக் கிடக்கு."

"போன வெள்ளி அதைப் பிள்ளையின்ர வாயிலையும் போட்டனீர்" என்றேன் நான்.

"அது அப்ப தெரியாது" என்றாள்.

தமிழ்நாட்டு டாக்டர் வரதராஜனுக்கு முகமெல்லாம் நிம்மதி. "இங்க பாருங்க, நாங்க நாமக்காரங்க. எங்களுக்கும் இந்தச் சாணி சமாச்சாரத்துக்கும் சம்பந்தமே இல்ல. பேப்பர்ல அதையும் கொஞ்சம் தெளிவா போட்டுடுங்க." போன மாதம்தான் தன் மாமனாருக்கு என்று இரண்டு போத்தல் கேட்டு வாங்கினவர். மாமனார் எந்தக் கட்சியோ தெரியாது.

என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தான் எழுதிவைத்திருந்த அறிக்கையை வாசித்தார். இரத்தினசிங்கம் என்பவர் சங்கத்தின் சார்பில் எதுவும் செய்யவில்லை. மாட்டுச்சாணி கலந்த பழக்கங்கள் படிப்பறிவில்லாத சிலருக்கு உரியவை. சங்கத்தினர் பயன்படுத்தும் புனிதப்பொடி தூய சந்தனத்தால் ஆனது. அந்த இடத்தில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. எழும்பித் தேத்தண்ணீர் போடுகிற சாக்கில் குசினிக்குள் போனேன். கை தட்டுகிற சத்தம் அங்கேயும் கேட்டது. தூ!

அறிக்கை சனிக்கிழமைப் பேப்பரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரத்தினசிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கன்னம் உள்ளே போய்விட்டது. தொழிற்சாலையில் யாரும் பக்கத்தில் நிற்பதில்லையாம். அவருடைய மேசையில் யாரோ ஒரு கடதாசிப்பையில் சாணியை வைத்துவிட்டுப் போனார்களாம். அதையெல்லாம் ஒரு வரியில் சொல்லி முடித்தார். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வந்த காரியம் வேறு.

குவாரண்டைன் அதிகாரிகள் அவரை இரண்டு தரம் விசாரித்திருக்கிறார்கள். கால்வாய் நோய் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, சின்ன வயதில் எங்கள் மாட்டுக்கு வந்தது என்றிருக்கிறார். இப்போதும் வீட்டில் மாடு நிற்கிறதா? இரண்டு நிற்கிறது. உடனே அவர் விமானத்தில் நிரப்பிக் கொடுத்த படிவத் துண்டை எடுத்து மேசையில் போட்டார்களாம். ஊரில் பண்ணைக்குப் போனாயா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"பண்ணை எண்டா டூலியின்ர மாதிரி இடம் எண்டுதான் நான் விளங்கினனான், அக்கா" என்றார் இரத்தினசிங்கம். "வீட்டுக் கோடிக்குள்ள கட்டி நிக்கிற ரெண்டு மாட்டை ஆர் பண்ணை எண்டு சொல்லுவினம்? எங்கட ஊரிலை மாடில்லாத வீடு ஏது?"

அந்தத் துண்டு இப்போது விசா கொடுக்கிற குடிவரவுக் கந்தோருக்குப் போய், சந்திரவதனாவின் விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து என்ன பதில் வந்தாலும் அது வேறு, இது வேறு. பொய் எழுதிக் கொடுத்தவன் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. ஆனால் அந்தக் கந்தோர்க்காரர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். உன் ஊரவர் யாராவது வந்து, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம், ஒளிப்பதற்காக அல்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால், பொய் என்று எடுக்காமல் பிழை என்று எடுத்துக்கொள்கிறோம். வியாழக்கிழமை பத்து மணிக்கு முன்.

"ஐயா, நீங்களும் அக்காவும் கார்த்திகையிலை ஊருக்குப் போட்டு வந்தனீங்கள்" என்றார் என் கணவரிடம். "உங்கட வீட்டிலையும் மாடு நிக்குது. அந்தத் துண்டிலை என்ன எழுதினனீங்கள்?"

என் கணவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இஞ்ச பாரும் தம்பி, உம்மட பிழையை எங்கட தலையிலை கட்டாதையும். நான் அரசாங்க உத்தியோகத்திலை இருக்கிறன். பேப்பரிலை என்ர பேரும் வரவேணுமோ?" சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் எழுதியதும் 'இல்லை'தான். அந்தப் பயணத்தில் காலையும் மாலையும் பால் கறந்தவள் நான். இரத்தினசிங்கத்தை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். "நான் வாறன் தம்பி. வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் அங்க நிப்பன்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் பார்த்திருக்கக்கூடாது. "அக்கா, நான் இண்டைக்கே வீட்டுக்கு எழுதிப்போடுறன். அவ அழுதுகொண்டு இருக்கிறா" என்றார்.

வியாழக்கிழமை காலை கணவரிடம் வேலைக்கு என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். நல்ல சேலை உடுத்தியிருந்தேன். என் பக்கத்து இருக்கை நகரம்வரை காலியாகவே இருந்தது. ரயிலில் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள், அந்த இருக்கையில் மட்டும் உட்காரவில்லை. ஸ்டேசன் வாசலில் பேப்பர்க்காரப் பலகையில் "இன்னும் பதில் இல்லை" என்று எழுதியிருந்தது. கந்தோர்க் கட்டடத்துக்குள் போய் லிஃப்டில் ஏறினேன். என்னோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி மற்றவளிடம், "அந்தச் சாணிக்காரன் இன்றைக்கு மேலே வருகிறானாம், கதவுப் பிடியையெல்லாம் துடைக்கவேண்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு என்னைக் கண்டு வாயைப் பொத்தினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை, நானும் உங்களைப்போலத்தான் என்று காட்டுகிற ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைச் சிரித்த முகத்தோடு அவர்களுக்கு முன்னால் இறங்கி, அவன் என் ஊரவன், நானும் அப்படித்தான் எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? கதவு திறந்தது. வாங்கில் இரத்தினசிங்கம் சாம்பல் நிறக் கோட்டோடு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். லிஃப்ட் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்கள் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கீழே போகிற பொத்தானை அமத்தினேன்.

பின்னேரம் ஃபோன் வந்தது. "அக்கா, வரேலாமல் போச்சோ? பரவாயில்லை. உங்களுக்கும் வேலை இருக்கும்தானே." நான் தலையிடி என்றோ என்னவோ சொன்னேன். டூலிதான் அன்றைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதன், என் மாட்டைக் காப்பாற்றப் பார்த்தவன் என்று. கந்தோர்க்காரர் வாசித்துவிட்டு, இது உன் ஊரவர் எழுதியதல்லவே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

ஆறு நாள் கழித்து இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. நோய் இல்லை. ஒரு மண்ணும் இல்லை. காய்ந்த புல்லின் முள்விதை நாக்கில் குத்தி வந்த புண்! பேப்பர் அதை ஏழாம் பக்கத்தில், ஒரு மெத்தை விளம்பரத்துக்குக் கீழே போட்டது. இறைச்சிக்கடைகளில் மறுபடி வரிசை நின்றது. பள்ளிக்கூட பஸ் டூலியின் பிள்ளைகளை ஏற்றியது. டூலி மட்டும் இரத்தினசிங்கத்திடம், "இனி இந்தப் பக்கம் வராதே, என் மனைவி பயப்படுகிறாள்" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? அடுத்த வெள்ளிக்கிழமையே சத்தியபாமா, "இரத்தினசிங்கம் அண்ணையிட்டை இன்னும் விபூதி இருக்குமோ?" என்று கேட்டாள். வெட்கம் என்ற சாமான் விலைக்கு விற்றால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அவரோ வீட்டில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சந்திரவதனாவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. மறுபடி போட்டார், மறுபடி தள்ளினார்கள். எழுபத்தேழு ஆவணியில் ஊரில் கலவரம் நடந்தபோது அந்தத் தாயும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். இரத்தினசிங்கம் இங்கே தந்தி கிடைக்கும்வரை மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தார் என்று இத்தாலியக் கிழவர் சொன்னார். எழுபத்தொன்பது பங்குனியில்தான் விசா கிடைத்தது.

வந்து இரண்டாம் கிழமை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவள் தகப்பனோடு ஒட்டிக்கொண்டாள். ஏழு வயதுச் சின்னவள் தகப்பனை "மாமா" என்று கூப்பிட்டுவிட்டு, தாய் முறைத்ததும் நாக்கைக் கடித்தாள். என் கணவர், "இரத்தினசிங்கம் எங்கட சங்கத்துக்கு ஒரு தூண்" என்று பிரசங்கம் தொடங்கிவிட்டார். நான் தேத்தண்ணீர் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சந்திரவதனா எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, இவர் எல்லாம் எழுதினவர். ஒருத்தரும் கிட்ட வராத நேரம் நீங்கள் ஒராள்தான் ஒஃபீசுக்கு வந்து எங்களுக்காகக் கதைச்சனீங்களாம். அவங்கள் மாட்டம் எண்டது வேற கதை. அந்தக் கடிதத்தை எத்தினை தரம் வாசிச்சிருப்பன் தெரியுமோ? அங்க எங்களுக்கு ஒரு ஆள் இருக்குது எண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிச் சொல்லித்தான் மூண்டு வருஷத்தைக் கடத்தினனான்."

என் கணவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கைகளுக்குள் இருந்து என் கைகளை இழுத்திருக்கலாம்.

"ஓம்" என்றேன். "அதுக்கென்ன."

இரத்தினசிங்கம் கோப்பையைத் தட்டில் வைத்தார். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"அண்டைக்கு அக்கா நல்ல சேலை ஒண்டு உடுத்துக்கொண்டு வந்தவ" என்றார் மனைவியிடம். "லிஃப்டுக்குள்ள நிண்டவ. நான் எதிர்ச் சுவரிலை இருந்த கண்ணாடியிலை பாத்தனான்."